தொற்றுநோய் நிபுணர் இல்லாத மருத்துவமனையில் ஒரு கிளினிக்கல் பார்மசிஸ்ட் என்ன செய்ய முடியும்?

கேட்டவர் பார்ம்.டி. என்ற மருந்தியல் படிப்பை முடித்து, நடுத்தர அளவிலான ஒரு தனியார் மருத்துவமனையில் புதிதாகச் சேர்ந்திருக்கிறார். ஆன்டிபயாட்டிக் பயன்பாட்டைக் கவனிக்கும் குழுவில் அவர் பெயரைப் போட்டிருக்கிறார்கள். அங்கே தொற்றுநோய் நிபுணர் கிடையாது. அவருடைய கேள்வி: "இருபது வருட அனுபவம் உள்ள டாக்டர் எழுதிய மருந்தில் நான் போய் என்ன சொல்ல முடியும்? சொன்னால் கேட்பார்களா? எனக்கு அங்கே உண்மையிலேயே வேலை இருக்கிறதா, இல்லை தரச்சான்று ஆய்வுக்கு ஒரு பெயர் தேவைப்பட்டதா?"

வேலை இருக்கிறது. நிறைய இருக்கிறது. அந்தப் பெயர் எதற்காகப் போடப்பட்டிருந்தாலும் சரி, அதை வைத்து நிஜமான வேலை செய்ய முடியும். பல வருடங்களாக வார்டில் இதே வேலையைச் செய்துவருகிறவன் என்ற முறையில் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், நிபுணர் இல்லையே என்ற கவலை. இதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த பதில் தென்னாப்பிரிக்காவில் இருக்கிறது. நெட்கேர் என்ற தனியார் மருத்துவமனைக் குழுமத்தின் 47 மருத்துவமனைகளில், ஏட்ரியன் பிரிங்க் என்ற மருத்துவரின் தலைமையில் ஒரு திட்டம் நடந்தது. 2009 அக்டோபர் முதல் 2014 செப்டம்பர் வரையிலான கணக்கு அது; 2016-இல் லான்செட் குழுமத்தின் தொற்றுநோய் இதழில் வெளியானது. அந்த மருத்துவமனைகளில் திட்டத்தைத் தாங்கியவர்கள் தொற்றுநோய்ச் சிறப்புப் பயிற்சி இல்லாத சாதாரண மருத்துவமனை பார்மசிஸ்டுகள். ஒவ்வொரு நாளும் சார்ட்டைப் பார்த்து ஐந்தே ஐந்து விஷயங்களை மட்டும் கேட்கச் சொன்னார்கள். ஆன்டிபயாட்டிக் தொடங்குவதற்கு முன் கல்ச்சர் (எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) எடுத்தார்களா? ஏழு நாளைத் தாண்டிவிட்டதா? பதினான்கு நாளைத் தாண்டிவிட்டதா? ஒரே நேரத்தில் நான்குக்கு மேற்பட்ட ஆன்டிபயாட்டிக் ஓடுகிறதா? ஒரே வகைக் கிருமிக்கு இரண்டு மருந்து தேவையில்லாமல் போகிறதா?

இவ்வளவுதான். எந்தக் கிருமிக்கு எந்த மருந்து என்ற பெரிய விவாதத்துக்குள் அவர்கள் போகவே இல்லை. 1,16,662 நோயாளிகளின் சார்ட்டில் 7,934 இடங்களில் பார்மசிஸ்டுகள் தலையிட வேண்டியிருந்தது. ஏறக்குறைய பதினைந்து மருந்துச்சீட்டுக்கு ஒன்று. நூறு படுக்கை நாளுக்கு 101.38 நிலையான தினசரி டோஸ் (ஒரு பெரியவருக்கு ஒரு நாளைக்கு வழக்கமாகக் கொடுக்கும் அளவு) என்று இருந்த ஆன்டிபயாட்டிக் அளவு 83.04 ஆகக் குறைந்தது. அதாவது 18.1 சதவீதம். 101 என்ற எண்ணைக் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். படுக்கையில் கிடந்த ஒவ்வொரு நாளுக்கும், தொற்று இருந்தவர் இல்லாதவர் எல்லோரையும் சேர்த்தே, சராசரியாக ஒரு முழு நாள் டோஸ் போயிருக்கிறது.

அந்த 7,934 தலையீடுகளில் பத்துக்கு நான்கு, தேவைக்கு மேல் நீண்ட நாட்களைப் பற்றியவை. இது எனக்கு ஆச்சரியமாக இல்லை. நம் வார்டுகளிலும் இதுதான் நடக்கிறது. தொடங்கும்போது யோசித்துத் தொடங்குகிறார்கள். நிறுத்துவதை யாரும் யோசிப்பதில்லை. காலை ரவுண்ட்ஸில் "அதே மருந்து" என்று எழுதினால் பத்து மருந்தும் அப்படியே தொடரும். ஒன்பதாம் நாள் மெரோபெனம் என்ற வலுவான ஆன்டிபயாட்டிக் ஓடிக்கொண்டிருக்கும். நோயாளி நான்கு நாளாகக் காய்ச்சல் இல்லாமல் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருப்பார். யாரும் தவறாக முடிவெடுக்கவில்லை, முடிவே எடுக்கவில்லை. உங்கள் வேலை தொடங்கும் இடம் இதுதான்.

அதனால், புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது: சார்ட்டில் ஆன்டிபயாட்டிக் பெயருக்குப் பக்கத்தில் அது எத்தனையாவது நாள் என்று எழுதுங்கள். நாள் 1, நாள் 2, நாள் 3. பார்க்கச் சின்ன வேலையாகத் தெரியும். ஆனால் "நாள் 8" என்று எழுதியிருப்பதைப் பார்த்தபிறகு "அதே மருந்து" என்று எழுத பேனா கொஞ்சம் தயங்கும். நீங்கள் வாயே திறக்காமல் சில மருந்துகள் நிற்பதைப் பார்ப்பீர்கள்.

"பாதியில் நிறுத்தினால் கிருமி எதிர்ப்பு வந்துவிடுமே" என்று டாக்டர்களும் சொல்வார்கள், நோயாளியின் மகனும் சொல்வார். இந்த நம்பிக்கை ரொம்ப ஆழமானது. ஆனால் உண்மை பெரும்பாலும் எதிர்ப்பக்கம் இருக்கிறது. தேவைக்கு மேல் போகும் ஒவ்வொரு நாளும் குடலிலும் தோலிலும் இருக்கும் மற்ற கிருமிகளுக்குப் பழக்கம் கொடுக்கிறது. 2024 நவம்பரில் வெளியான பேலன்ஸ் ஆய்வைக் கையில் வைத்திருங்கள். ஏழு நாடுகளில், இரத்தத்தில் பாக்டீரியா தொற்று உள்ள 3,608 நோயாளிகளை ஏழு நாள், பதினான்கு நாள் என்று பிரித்தார்கள். தொண்ணூறு நாளுக்குள் இறந்தவர்கள் ஏழு நாள் குழுவில் 14.5 சதவீதம், பதினான்கு நாள் குழுவில் 16.1 சதவீதம். குறைந்த நாள் கொடுத்ததால் இறப்பு கூடவில்லை. இரத்தத் தொற்றுக்கே இப்படி என்றால், சாதாரண நிமோனியாவுக்குப் பதினான்கு நாள் எதற்கு?

ஆனால் அதே ஆய்வில் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் தொற்று உள்ளவர்களைச் சேர்க்கவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. அந்தக் கிருமி இரத்தத்தில் வந்தால் குறைந்தது பதினான்கு நாள், இதய வால்வில் ஒட்டினால் நான்கிலிருந்து ஆறு வாரம். "ஐந்து நாள் ஆகிவிட்டது, நிறுத்திவிடலாம்" என்று டூட்டி டாக்டர் சொல்லும்போது "சார், இது ஸ்டஃப் ஆரியஸ், எக்கோ இன்னும் எடுக்கவில்லை" என்று சொல்ல வேண்டியதும் நீங்கள்தான். குறைப்பதற்கு மட்டுமே வருகிற ஆள் என்று உங்களை நினைத்துவிட்டால் நீங்கள் சொல்வதில் பாதி எடுபடாது. கூட்ட வேண்டிய இடத்தில் கூட்டச் சொல்லுங்கள்.

தென்னாப்பிரிக்கக் குழுவே இதற்கும் ஒரு உதாரணம் காட்டியது. 33 மருத்துவமனைகளில், டாக்டர் ஆன்டிபயாட்டிக் எழுதியதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் முதல் டோஸ் ஏறுகிறதா என்று பார்மசிஸ்டுகள் கவனித்தார்கள். 41 சதவீதமாக இருந்தது 78 சதவீதமாக உயர்ந்தது. கடும் தொற்றால் இரத்த அழுத்தம் சரியும் செப்டிக் ஷாக்கில் ஒரு மணி நேரம் என்பது உயிர். இங்கே அந்தத் தாமதம் எங்கே ஒளிந்திருக்கும் என்று தேடிப் பார்த்தேன். டாக்டர் எழுதுகிறார், சிஸ்டர் மருந்து கேட்டு இன்டென்ட் போடுகிறார், பில்லிங்கில் முன்பணம் கேட்கிறார்கள், உறவினர் கீழே மருந்துக் கடையில் வரிசையில் நிற்கிறார். மருந்து மேலே வரும்போது ஒன்றரை மணி நேரம் போயிருக்கும். ஐசியுவிலும் அவசரச் சிகிச்சைப் பிரிவிலும் முதல் டோஸுக்கான நான்கைந்து வயல்களை முன்கூட்டியே வைத்துவிட்டு, பில்லைப் பிறகு போட்டுக்கொள்ள நிர்வாகத்தைச் சம்மதிக்க வைத்தோம். யாருடைய மருந்துச்சீட்டையும் தொடாமல் நடந்த வேலை அது. மருந்தின் வழியை முழுதாகத் தெரிந்தவர் மருத்துவமனையில் பார்மசிஸ்ட் மட்டும்தான் என்பதால் உங்களால்தான் இது முடியும்.

கல்ச்சர் விஷயமும் இதோடு ஒட்டியதுதான். முதல் டோஸுக்கு முன் இரத்தம் எடுத்தால் கிருமி வளரும் வாய்ப்பு அதிகம். ஆன்டிபயாட்டிக் ஏறிய பிறகு எடுத்தால் பாட்டில் பல சமயம் சும்மா இருக்கும். அப்புறம் மூன்றாம் நாள், எதை வைத்து மருந்தைக் குறைப்பது என்று யாருக்கும் தெரியாமல் மெரோபெனமே தொடரும். கல்ச்சர் பாட்டிலையும் முதல் டோஸ் வயலையும் ஒரே தட்டில் வைக்கச் சொல்லுங்கள். சிஸ்டர்களுக்கு நினைவுபடுத்தவே வேண்டாம். ஆனால் ரத்தம் எடுக்க முடியவில்லை என்று மருந்தை முக்கால் மணி நேரம் தள்ளிப்போடக் கூடாது. அந்த எல்லையைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

ஒரே வகைக் கிருமிக்கு இரண்டு மருந்து போகும் இரட்டைக் காப்பு பற்றிக் கொஞ்சம். மெரோபெனத்தோடு மெட்ரோனிடசோல், பைபராசிலின்-டாசோபாக்டத்தோடு மெட்ரோனிடசோல். இந்த ஜோடிகளை நீங்கள் தினமும் பார்ப்பீர்கள். காற்றில்லா இடத்தில் வளரும் கிருமிகளை முதல் மருந்தே பார்த்துக்கொள்ளும், இரண்டாவது வேண்டாம். ஆனால் நம் ஊரில் ஒரு விதிவிலக்கு அடிக்கடி வரும்: கல்லீரலில் அமீபா சீழ்க்கட்டி. அமீபாவை மெரோபெனம் ஒன்றும் செய்யாது. அங்கே மெட்ரோனிடசோல்தான் மருந்து. ஸ்கேன் ரிப்போர்ட்டைப் படிக்காமல் "டபுள் கவரேஜ், நிறுத்துங்கள்" என்று எழுதிய ஒரு ஜூனியரை எனக்குத் தெரியும். அன்றைக்கு அந்த டாக்டரிடம் இழந்த நம்பிக்கையைத் திரும்பப் பெற அவருக்குப் பல மாதங்கள் ஆயின.

இதுவரை சொன்னது எல்லாம் எண்ணிப் பார்த்தால் தெரியும் விஷயங்கள். இனி உங்கள் சொந்த நிலம். டோஸ்.

எந்த ஆன்டிபயாட்டிக் என்பதில் டாக்டருக்கு உங்களைவிட அதிகம் தெரிந்திருக்கலாம். அந்த மருந்து இந்த உடம்பில் எப்படிப் போய், எங்கே நின்று, எப்போது வெளியேறும் என்பதில் உங்களுக்குத்தான் அதிகம் தெரிய வேண்டும். ஒரு உதாரணம் போடுகிறேன். 75 வயதுப் பாட்டி, எடை 45 கிலோ, கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் ஒரு கழிவின் இரத்த அளவு) 1.2. ரிப்போர்ட்டைப் பார்க்கிறவர் "கிட்னி ஓரளவு பரவாயில்லை" என்று மெரோபெனம் 1 கிராம் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுதுவார். சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தைக் கணிக்கும் காக்ராஃப்ட்-கால்ட் சூத்திரத்தைப் போடுங்கள். 140-இல் வயதைக் கழித்தால் 65. அதை எடையால் பெருக்கி, 72-ஐயும் கிரியாட்டினினையும் பெருக்கிய தொகையால் வகுத்தால் ஏறக்குறைய 34. பெண் என்பதால் 0.85-ஆல் பெருக்கினால் 29. பாட்டியின் சிறுநீரகம் நிமிடத்துக்கு 29 மில்லிதான் வடிகட்டுகிறது. பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை போதும். தசை குறைந்த முதியவர்களிடம் கிரியாட்டினின் ரொம்பவே ஏமாற்றும் எண். எடையே எழுதாத கேஸ் ஷீட்டுகள் எத்தனை என்று முதல் வாரத்தில் எண்ணிப் பாருங்கள். எடை இல்லாமல் இந்தக் கணக்கே போட முடியாது.

ஆனால் கணக்கு தெரிந்த உற்சாகத்தில் எல்லாருக்கும் டோஸைக் குறைக்கவும் கூடாது. செப்சிஸ் என்ற கடும் தொற்று நிலையோடு வருகிறவரின் கிரியாட்டினின் முதல் நாள் 2.5 இருக்கும். நீரேற்றி, அழுத்தம் சரியானதும் இரண்டாம் நாளே இறங்கத் தொடங்கும். மருந்து அதிகம் தேவைப்படுகிற அந்த முதல் 48 மணி நேரத்தில் மெரோபெனம் போன்ற பீட்டா-லாக்டம் மருந்தைக் குறைத்தால் நோயாளிக்குத்தான் நஷ்டம். விபத்தில் அடிபட்டு ஐசியுவில் கிடக்கும் இளைஞனுக்கோ நேரெதிர். சிறுநீரகம் வழக்கத்தைவிட வேகமாக வடிகட்டும், சாதாரண டோஸ் போதாமல் போகும்.

கொலிஸ்டினைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வேறு மருந்து வேலை செய்யாதபோது கடைசியாகப் போகும் இடம் அது. அதிலேயே அளவுக் குழப்பம் அதிகம். ஒரு வயலில் பத்து லட்சம் யூனிட் என்றிருக்கும், வேறொரு புத்தகத்தில் மி.கி. என்றிருக்கும். அந்த மி.கி.யிலும் இரண்டு வகை. பத்து லட்சம் யூனிட் என்பது, வயலில் இருக்கும் வடிவமான கொலிஸ்டிமெதேட் கணக்கில் சுமார் 80 மி.கி.; அமெரிக்க நூல்கள் சொல்லும் கொலிஸ்டின் பேஸ் கணக்கில் சுமார் 33 மி.கி. ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொண்டால் இரண்டரை மடங்கு தவறு. உங்கள் மருத்துவமனையில் கொலிஸ்டினை யூனிட்டில் மட்டுமே எழுத வேண்டும் என்று ஒரு விதி கொண்டுவாருங்கள். இரண்டாவது, முதலில் கொடுக்கும் 90 லட்சம் யூனிட் லோடிங் டோஸைச் சிறுநீரகப் பாதிப்பைக் காட்டிக் குறைக்கக் கூடாது. இரத்தத்தில் மருந்தை நிரப்பத்தான் அந்த டோஸ். வெளியேற்றுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதைத் தவிர்த்துவிட்டால் சரியான அளவை எட்ட இரண்டு மூன்று நாள் ஆகிவிடும். அந்த நோயாளியிடம் இரண்டு மூன்று நாள் இருக்காது. அதே குடும்பத்து மருந்தான பாலிமிக்சின் பி-க்கு வருவோம்: அதைச் சிறுநீரகத்துக்காகக் குறைக்க வேண்டியதில்லை. ஆனால் சிறுநீரில் போதுமான அளவு வராது என்பதால் சிறுநீர்த் தொற்றுக்கு ஆகாது. இந்த இரண்டையும் ஒரே மருந்துபோல் நினைத்து எழுதும் சார்ட்டுகளை நான் இன்னும் பார்க்கிறேன்.

மருந்து ஏறும் விதமும் உங்கள் பொறுப்புதான். மெரோபெனத்தை மூன்று மணி நேரம், பைபராசிலினை நான்கு மணி நேரம் மெதுவாக ஏற்றினால் கிருமியை அடக்கும் அளவுக்கு மேலே மருந்து நீண்ட நேரம் நிற்கும். ஆனால் 100 மில்லி பாட்டிலில் கலந்து ஏற்றினால், டியூபிலேயே 15 முதல் 20 மில்லி தங்கிவிடும். பாட்டில் காலியானதும் சிஸ்டர் டியூபைக் கழற்றிப் போட்டுவிட்டால் டோஸில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குப்பைக்குப் போகிறது. நூறு டாக்டர்களிடம் வாதாடுவதைவிட, கொஞ்சம் சலைன் விட்டு டியூபைக் கழுவி ஏற்றச் சொல்லி சிஸ்டர்களுக்கு அரை மணி நேரம் காட்டிக்கொடுப்பது அதிகம் பலன் தரும். ஏசி இல்லாத வார்டில், மே மாத வெயிலில், கலந்த மெரோபெனத்தை நெடுநேரம் வைத்திருக்கக் கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

மருந்துக்கும் மருந்துக்கும் இடையிலான மோதலில் ஒன்றை மட்டும் இங்கே சொல்கிறேன், ஏனென்றால் இது ஆளைக் கவிழ்க்கும். வலிப்புக்காக வால்ப்ரோயேட் எடுப்பவருக்கு மெரோபெனம் தொடங்கினால் ஓரிரு நாளில் வால்ப்ரோயேட்டின் அளவு இரத்தத்தில் சரிந்துவிடும். டோஸை ஏற்றினாலும் ஈடுகட்ட முடியாது. வேறு ஆன்டிபயாட்டிக் கிடைத்தால் அது, இல்லாவிட்டால் லெவெடிராசெட்டம் போன்ற வேறு வலிப்பு மருந்து. இதை ஒருமுறை சரியான நேரத்தில் சொல்லிவிட்டீர்கள் என்றால் அந்த நரம்பியல் டாக்டர் உங்களை மறக்க மாட்டார்.

ஊசியிலிருந்து மாத்திரைக்கு மாற்றுவது எளிதாக ஜெயிக்கக்கூடிய வேலை. லினசோலிட், மெட்ரோனிடசோல், லெவோஃப்ளாக்சசின் எல்லாம் வாய்வழியே எடுத்தாலும் ஏறக்குறைய முழுவதுமாக உடம்பில் சேரும். வாயால் சாப்பிடுகிறார், வாந்தி இல்லை, காய்ச்சல் இறங்கிவிட்டது என்றால் டிரிப் எதற்கு? கையில் ஊசி போட்ட இடம் வீங்காது, வீட்டுக்குப் போவது இரண்டு நாள் முன்னால் நடக்கும், பணமும் மிச்சம். நோயாளிகள்தான் பல சமயம் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். "ஊசியே நிறுத்திட்டாங்க, கவனிக்கலை போல" என்று நினைப்பார்கள். அதனால் மாற்றிய அன்று படுக்கையருகே போய் இரண்டு நிமிடம் பேசுங்கள். மாத்திரையை இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரையோடு சேர்த்து விழுங்கக் கூடாது என்பதையும் அந்தப் பேச்சிலேயே சொல்லிவிடலாம். லெவோஃப்ளாக்சசினை அவை குடலிலேயே பிடித்துக்கொள்ளும்.

லெவோஃப்ளாக்சசின் என்றதும் இன்னொன்று. நம் நாட்டில் மூன்று வாரமாக இருமுகிற ஒருவருக்குச் சளிப் பரிசோதனை செய்யாமல் இந்த மருந்தைக் கொடுத்தால், காசநோய்க் கிருமி கொஞ்சம் அடங்கிப் பரிசோதனையில் சிக்காமல் போகும். நோயாளி தேறியதுபோல் வீட்டுக்குப் போய், இரண்டு மாதத்தில் மோசமாகத் திரும்பி வருவார். லினசோலிட், அமிகாசின் இரண்டும் காசநோய்க் கிருமி மேல் வேலை செய்பவைதான். மேற்கத்திய வழிகாட்டிகளில் இதற்கு அவ்வளவு இடம் இருக்காது. நீங்கள் இதை மனதில் வைத்தே ஒவ்வொரு சார்ட்டையும் பாருங்கள்.

அறுவைச் சிகிச்சைப் பிரிவு கடினமான இடம் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கத்தி வைப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் ஒரு டோஸ் செஃபசோலின், அறுவை நான்கு மணி நேரத்தைத் தாண்டினால் இன்னொரு டோஸ், முடிந்ததும் நிறுத்து. உலக சுகாதார நிறுவனம் 2016-இலேயே அறுவைக்குப் பின் நீட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டது. நடப்பில் ஐந்து நாள் ஊசி, அப்புறம் ஐந்து நாள் மாத்திரை. அந்த சர்ஜனின் பயத்தை நான் மதிக்கிறேன். புண் சீழ் பிடித்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர், நான் அல்ல. அதனால் அவரிடம் கட்டுரையை நீட்டாதீர்கள். சுத்தமான ஒரு அறுவைச் சிகிச்சையைத் தேர்ந்தெடுங்கள், குடலிறக்கம் மாதிரி. மூன்று மாதம் ஒரே டோஸ் என்று அவர் ஒப்புக்கொண்டால், முப்பது நாள் வரை ஒவ்வொரு நோயாளிக்கும் நீங்களே போன் செய்து புண் எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுதிக் கொடுங்கள். வலைகூட வைக்கிறார்கள் என்றால் தொண்ணூறு நாள் வரை. அவருடைய சொந்த நோயாளிகளின் கணக்கைவிட அவரை மாற்றக்கூடியது எதுவும் இல்லை.

இப்போது "கேட்பார்களா" என்ற கேள்வி. கேட்பார்கள், நீங்கள் பேசும் விதத்தைப் பொறுத்து. ரவுண்ட்ஸில் உறவினர் முன்னிலையில் சொல்லாதீர்கள். கேஸ் ஷீட்டில் சிவப்பு மையில் எழுதிவிட்டுப் போகாதீர்கள். அது டாக்டரைக் குற்றம் சாட்டும் சாட்சியமாகத்தான் அவர் கண்ணுக்குத் தெரியும். நேரில் போங்கள், முடியாவிட்டால் போன். "சார், மூன்றாம் படுக்கை, கல்ச்சரில் ஈ. கோலை வந்திருக்கிறது, செஃப்ட்ரியாக்சோனுக்குக் கேட்கிறது. காய்ச்சல் நேற்றிலிருந்து இல்லை. மெரோபெனத்தை மாற்றலாமா, இல்லை வேறு ஏதாவது யோசனையில் வைத்திருக்கிறீர்களா?" கடைசிப் பகுதி முக்கியம். உங்களுக்குத் தெரியாத ஒன்று அவருக்குத் தெரிந்திருக்கலாம்.

எனக்கே அப்படி நடந்தது. ஆரம்ப வருடங்களில், பத்து நாள் தாண்டிய ஒரு மருந்தை நிறுத்தச் சொல்லி ஒரு டாக்டரைத் தொடர்ந்து மூன்று நாள் வற்புறுத்தினேன். கல்ச்சரில் ஒன்றும் வரவில்லை, வெள்ளை அணுக்களும் குறைந்துவிட்டன. அவர் மறுத்தார். எனக்குக் கோபம். நான்காம் நாள் என்னைப் படுக்கைக்குக் கூட்டிப்போய் நோயாளியின் வயிற்றைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். உள்ளே வடியாத சீழ் இருந்தது. வடிகுழாய் போட ஆள் வருவதற்காகக் காத்திருந்தார். நான் மூன்று நாளும் காகிதத்தைத்தான் பார்த்திருக்கிறேன், நோயாளியைப் பார்க்கவே இல்லை. அன்றிலிருந்து படுக்கைக்குப் போகாமல் நான் எந்த ஆலோசனையும் சொல்வதில்லை.

உங்கள் படிப்பைப் பற்றியும் தாழ்வாக நினைக்காதீர்கள். இந்தியாவில் பார்ம்.டி. படிப்பு 2008-இல்தான் தொடங்கியது. அதற்கு முன்பே, 1990களின் பிற்பகுதியில் மைசூரிலும் ஊட்டியிலும் பார்மசி பிராக்டிஸ் முதுகலைப் படிப்பைத் தொடங்கி, மாணவர்களை வார்டுக்கு அனுப்பியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் போன காலத்தில் "மருந்துக் கடைக்காரர் வார்டில் என்ன செய்கிறார்" என்று கேட்டார்கள். இன்றைக்கு உங்களுக்குப் பின்னால் சில ஆவணங்கள் நிற்கின்றன. ஆன்டிபயாட்டிக் எதிர்ப்பைச் சமாளிக்க 2012-இல் மருத்துவச் சங்கங்கள் கூடி வெளியிட்ட சென்னைப் பிரகடனம், மருந்துச்சீட்டு இல்லாத ஆன்டிபயாட்டிக் விற்பனையைக் கட்டுப்படுத்த 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த எச்-1 அட்டவணை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2018-இல் வெளியிட்ட மருத்துவமனைகளுக்கான வழிகாட்டி. சண்டை போடுவதற்கு அல்ல, நிர்வாகத்திடம் ஒரு கணினியும் நேரமும் கேட்பதற்கு அவை உதவும்.

எங்கே தொடங்குவது? முழு மருத்துவமனையையும் ஒருவர் பார்க்க முடியாது. ஐசியுவை எடுங்கள். அதோடு, ஆன்டிபயாட்டிக்குகளை வகை பிரிக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் அவேர் பட்டியலில் 'ரிசர்வ்' என்று கடைசிக் கட்டத்துக்கு ஒதுக்கிய மருந்துகளில் கொலிஸ்டின், லினசோலிட், டைஜிசைக்ளின், செஃப்டாசிடிம்-அவிபாக்டம் ஆகியவற்றை, மருத்துவமனையில் யாருக்கு எழுதினாலும் பாருங்கள். கவனத்தோடு பயன்படுத்த வேண்டிய 'வாட்ச்' பட்டியலில் மெரோபெனத்தை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். மருந்துக் கடையின் கணினியில் காலை ஏழரைக்கு இந்த ஐந்து மருந்தின் விநியோகப் பட்டியலை எடுத்தால் அன்றைய வேலை கையில் வந்துவிடும். பதினோரு மணிவாக்கில் மைக்ரோபயாலஜி லேபுக்கு நேரில் போங்கள். அச்சாகாத முதல் தகவல் அங்கேதான் இருக்கும். "நான்காம் படுக்கை ரத்தத்தில் கிராம் நெகட்டிவ் வளர்கிறது" என்று அங்கே காதில் விழும் ஒரு வரி, மறுநாள் வரும் ரிப்போர்ட்டைவிட ஒரு நாள் முன்னால் நோயாளிக்கு உதவும்.

அளந்து வையுங்கள். ஆயிரம் படுக்கை நாளுக்கு எத்தனை ஆன்டிபயாட்டிக் நாள் என்ற கணக்கு போதும். குழந்தைகளுக்கும் கிட்னி நோயாளிகளுக்கும் நிலையான தினசரி டோஸ் கணக்கு சரியாக வராது. மெரோபெனம் குறைந்ததா என்று மட்டும் பார்க்காதீர்கள். அது குறைந்த மாதமே பைபராசிலின் ஏறியிருந்தால் ஒரு பக்கம் அமுக்கியது மறுபக்கம் வீங்கியிருக்கிறது, அவ்வளவுதான். கூடவே இறப்பும், முப்பது நாளுக்குள் திரும்பி அட்மிட் ஆனவர்களும். இந்த இரண்டும் ஏறவில்லை என்று காட்ட முடிந்தால்தான் அடுத்த மாதம் டாக்டர்கள் இன்னும் கொஞ்சம் குறைக்க ஒப்புக்கொள்வார்கள்.

கடைசியாக, ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை காலை தொடங்கிய மருந்துக்குத் திங்கட்கிழமைதான் மறுபார்வை வரும். சீஃப் வர மாட்டார், டூட்டி டாக்டருக்கு நிறுத்தத் துணிவு இருக்காது. எங்கள் இடத்தில் சனிக்கிழமை மதியமே ஒரு சின்னத் தாள் தயார் செய்து, சீஃப் கையெழுத்தோடு டூட்டி டாக்டரிடம் கொடுக்கிறோம். "ஆறாம் படுக்கை: கல்ச்சரில் இது வந்தால் இதற்கு மாற்றலாம். எட்டாம் படுக்கை: ஞாயிறு காலை டோஸோடு ஏழு நாள் முடிகிறது, நிறுத்தலாம்." பத்து நிமிட வேலை. நீங்கள் சேர்ந்த முதல் சனிக்கிழமையே அந்தத் தாளை எழுதிப் பாருங்கள். முதல் வாரம் இரண்டு படுக்கை போதும்.